இடுப்பளவு தண்ணியில கிருஷ்ணவேணி

புடவை வேணாமா? வேணாம்னா விடுங்கம்மா, தப்பே இல்ல. பட்டுக்கடைக்குள்ள வந்து புடவை வேணாம்னு சொல்ற மொத ஆளு நீங்கதான். பின்ன இன்னா வேணும்? எட்டாவதா? எட்டாவது இன்னாம்மா எட்டாவது?

ஓ. அதுவா.

உக்காருங்க. அங்க வேணாம், அது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்கார்ற எடம், ஃபேன் வராது. சீக்கிரமா முடிவு பண்ணட்டும்னு முதலாளி அப்பிடித்தான் வச்சிருக்காரு. இப்பிடி மெத்தை மேல, என் எதுருல உக்காருங்க. தண்ணி குடிங்க. கோவமா வர்றவங்களுக்கு மொதல்ல தண்ணி, அப்புறம் பேச்சு, அது எங்க கடை வழக்கம்.

கையில வச்சிருக்கீங்களே, அதைக் கொஞ்சம் குடுங்க. ஒண்ணாவது அத்தியாயம், ரெண்டாவது... த பாருடா, ஏழும் இருக்குது. ஊசி நூலால தச்சு வேற வச்சிருக்கீங்க. மேல ஒட்டியிருக்கற அட்டை நம்ம கடைப் புடவை டப்பாதானே? ஓரத்துல பென்சில்ல இன்னாவோ எழுதியிருக்குது. அடிப்பாவி, போவாதடி, போவாதடி. யாரைச் சொல்றீங்க, கிருஷ்ணவேணியையா? சரி சரி. கதையில வர்ற பொண்ணைத்தானே, திட்டுங்க.

எந்த ஊரும்மா? வாலாஜாவா? அங்கேந்து பஸ்ஸு புடிச்சு இதுக்கோசரமா வந்தீங்க?

ஒரு நிமிஷம். நான் பேசிக்கினே புடவையை விரிப்பேன், நீங்க கண்டுக்காதீங்க. விரிக்காம எனக்குப் பேச வராது. கை நின்னா வாயும் நின்னுடும். இந்தக் கடையில நான் விரிக்கிற ஆளு. உங்க பின்னாடி உக்காந்திருக்காங்க பாருங்க, அவங்க மடிக்கிற ஆளு. பாக்க வேணாம், சும்மா சொன்னேன். இந்தாம்மா, இந்த மாம்பழக் கலரைப் புடி.

நீங்க கேக்கறது நியாயம்தாம்மா. முகூர்த்தப் புடவையோட மண்டபத்தை விட்டு ஓடி வந்த பொண்ணு. அதைக் கொண்டாந்து திருமுக்கூடல் ஆத்துல இடுப்பளவு தண்ணியில நிக்க வச்சாச்சு. இந்தக் கரையில அவங்கப்பா, அந்தக் கரையில குமாரவேலு. அப்பிடியே தொடரும்னு போட்டுட்டா எப்பிடி? தை மாசம் தண்ணியில எறங்குச்சு. இப்ப ஆடி. ஆமா, ஜன்னி கண்டிருக்கும், வாஸ்தவம். புடவையா? அதுக்கு ஒண்ணும் ஆவாது, நம்ம கடைப் புடவை சாயம் போவாது. நாலாவது அத்தியாயத்துலயே வருதே. அந்த ஒரு வரி மட்டும் எங்க முதலாளி சொல்லிச் சேத்தது.

பாலாத்துல இடுப்பளவு தண்ணி ஏதுன்னு நிறைய யோசிச்சீங்களா? முதலாளியும் அதைத்தான் கேட்டாரு. கதையிலயாவது ஓடட்டும்னு சொல்லிட்டா.

யாரா? எழுதறவதான். சுகாசினி. எங்க வீட்டுக்காரி. என் பேரு ராமராஜன். ரெண்டுமே சினிமாப் பேரு, அதால புக்கு அட்டையில சுகாசினி ராமராஜன்னு பாத்துட்டு பாட்டுப் புஸ்தகமான்னு கேட்டவங்களும் உண்டு.

அவளைப் பாக்கணுமா? நேர்ல திட்டணுமா? தாராளமா. வருவா, பாக்கலாம். அதுக்குள்ள இது எப்பிடி ஆச்சுன்னு நான் சொல்லிடறேன், கேட்டுட்டுத் திட்டுனீங்கன்னா இன்னும் நல்லா வரும்.

மொதல்ல ஒரு புக்கு போட்டோம்மா. இது இல்ல, அது வேற கதை. அவ எழுதட்டும், விக்கறது நம்ம வேலைன்னு நான் எறங்கினேன். பொறந்ததுலேந்து வித்துக்கினு இருக்கறவன், காயிதத்தை விக்க முடியாதான்னு ஒரு திமிரு. வெளியீட்டு விழான்னு சின்னதா ஒரு மண்டபம் புடிச்சேன். பத்திரிகை அடிச்சு, நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, தட்டுல வச்சு வீடு வீடா போய் அழைச்சேன். எனக்குத் தெரிஞ்சது அதான். சனம் அம்மிடுச்சு, நிக்க எடமில்ல. வந்தவங்க எல்லாம் மொய் எங்க எழுதணும்னு கேக்கறாங்க. எங்க சித்தப்பா என்னை ஓரமா கூட்டிக்கினு போய், பொண்ணு மாப்பிள்ளையைக் காணமே, ஏதாவது பிரச்சனையாடான்னு கேக்கறாரு. சாப்பாடு மட்டும் ஏ ஒன். போறப்ப தாம்பூலப் பையில புக்கையும் வச்சுக் குடுத்தேன். தேங்காயை எடுத்துக்கினாங்க, வெத்தல பாக்கு எடுத்துக்கினாங்க. மண்டபம் பெருக்கறப்ப பாத்தா நாற்காலிக்கு ஒரு புக்கு.

காபி குடிக்கிறீங்களா? சொல்லிடறேன். தனசேகரு, அம்மாவுக்கு ஒரு காபி, சக்கரை தூக்கலா. சக்கரை இருக்குதா உங்களுக்கு? சக்கரை இல்லாம சொல்லுபா.

அப்புறம் மெட்ராஸ்ல ஒருத்தரு ஆன்லைன்ல கிளாஸ் எடுத்தாரு. எழுத்தாளரு வாசகரோட எப்பிடி கனெக்ட் ஆவறதுன்னு. நான் போய்ச் சேந்தேன். தெனம் ஒரு வீடியோ போடுங்க, வாசகருக்கு நீங்க பழகின ஆளா தெரியணும்னாரு. சரின்னுட்டு சுகாசினிய இதே எடத்துல உக்கார வச்சு, கையில புக்கைக் குடுத்து எடுத்துப் போட்டேன். கமெண்ட்டு வந்துச்சு பாருங்க, போன் சூடாயிடுச்சு. அக்கா, பின்னாடி தொங்கற ராமர் பச்சை இன்னா விலை. அக்கா, கொரியர் உண்டா. ஒருத்தங்க மட்டும் கதையைப் பத்திப் போட்டிருந்தாங்க. கதை சொல்றதெல்லாம் இருக்கட்டும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, முந்தானை மறைக்குதுன்னு. அன்னிக்கு ராமர் பச்சை அத்தனையும் வித்துப் போச்சு. முதலாளி சுகாசினிக்கு ஸ்வீட்டு வாங்கிக் குடுத்தாரு. அவ அதைப் பிரிக்கக் கூட இல்ல.

பாவம்தாம்மா. சொன்னா கேக்கணுமே நான். போன வருஷம் வைகாசி கருட சேவைக்கு ஒரு பை நெறைய எடுத்துக்கினு சின்ன காஞ்சிபுரம் போயிட்டேன். வெயிலு மண்டையப் பொளக்குது. படிச்சுட்டு நல்லா இருந்தா நாலு பேருக்குச் சொல்லுங்கன்னு சும்மாவே குடுத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பாக்கறேன், தெரு முழுக்க நம்ம புக்கு. ஒவ்வொருத்தர் கையிலயும். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சும்மா, பெருமாளே வந்து பொஸ்தகக் கடை போட்ட மாதிரி. கிட்டப் போய்ப் பாத்தா எல்லாரும் விசிறிக்கினு இருக்காங்க. ஒரு அம்மா என்னைக் கூப்புட்டு, தம்பி, அட்டையை இன்னும் கொஞ்சம் கெட்டியா போடுங்க, காத்து வரலன்னாங்க. அந்த புக்குக்கு வந்த ஒரே விமர்சனம் அதான்.

சிரிக்கிறீங்களே. வீட்ல சொன்னப்ப அவளும் சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சுட்டு முகம் கழுவப் போயிட்டா.

இந்த டப்பா யோசனை எங்க முதலாளி கலியாணசுந்தரத்தோடது. ஏண்டா ராமராஜா, ஒரு புடவைக்கு ஒரு அத்தியாயம், டப்பாவுல வச்சு அனுப்பு. அடுத்தது வேணும்னா அடுத்த புடவை எடுக்க வந்துதானே ஆவணும்னாரு. ஐயா, உங்க மூளையே மூளைன்னு நாங்களும் குதிச்சோம். இதுல இருக்கற ஓட்டை எங்க மூணு பேருக்குமே தெரியலம்மா. விடிஞ்சா பட்டு, அடைஞ்சா பட்டு. இங்கயே கெடக்கறோமா, ஏதோ வாரா வாரம் வாங்கற தக்காளி வெங்காயம்னு நெனச்சிட்டோம். சனங்க பட்டு எப்ப எடுக்கும்? வீட்ல கல்யாணம்னா எடுக்கும். மூத்த பொண்ணுக்கு ஒண்ணாவது அத்தியாயம். அடுத்த பொண்ணு படிச்சு முடிச்சு, வேலைக்குப் போய், ஜாதகம் பொருந்தி வந்தப்புறம் ரெண்டாவது. கிருஷ்ணவேணி மண்டபத்து வாசப்படி தாண்டறதுக்குள்ள படிக்கறவங்களுக்குப் பேரப்புள்ளை பொறந்துடும்.

இதுக்கு நடுவுல எங்க பேக்கிங் சின்னப்பையன். பேருதான் சின்னப்பையன், பேத்தி காலேஜுல படிக்குது. கண்ணாடி போட மாட்டாரு. ஒரு கல்யாணத்துக்கு மொத்தமா புடவை எடுத்தாங்க, அத்தனை டப்பாவுலயும் மூணாவது அத்தியாயத்தையே வச்சுக் கட்டிட்டாரு. அந்தக் குடும்பமே போன் பண்ணி, யாருய்யா குமாரவேலு, ஏன்யா புளியமரத்து மேல உக்காந்திருக்கான்னு கேக்கும்னு போன் பக்கத்துலயே பயந்துக்கினு உக்காந்திருந்தோம். ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா கூட மனசு ஆறியிருக்கும்.

இந்தாம்மா, இன்னுமா அந்த மாம்பழக் கலரு மடிஞ்சு முடியல? சரி, மெதுவா மடி.

ஆமாம்மா, உங்களை மறக்கல. மொதல்ல பொண்ணு முகூர்த்தத்துக்கு வந்தீங்க. அப்புறம் சம்பந்தியம்மாவுக்குன்னு ஒண்ணு. அப்புறம் அஞ்சு வாட்டி தனியா வந்து ஜாக்கெட் துணி எடுத்தீங்க. எடுத்துட்டு, எனக்கு டப்பாவுலதான் வேணும்னு கல்லாவுல ஒரே அடம். முழ நீளத் துணிக்கு எதுக்கும்மா டப்பான்னு கேட்டா மொறச்சீங்க. நாங்க இன்னா நெனச்சோம்? தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கு டப்பாம்மான்னு பேரே வச்சிட்டோம். ஏதோ டப்பா சேக்கறவங்க, வடாம் கிடாம் போட்டு வைப்பாங்கன்னு. உள்ள இருக்கற காயிதத்துக்குன்னு எங்க புத்திக்கு எட்டல. ஒரு வார்த்தை வாயைத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? வெக்கமா? கதைக்கோசரம் ஜாக்கெட் துணி வாங்கறேன்னு சொல்ல வெக்கம். நல்ல வெக்கம் போங்க.

எட்டாவதுதானே? ஸ்டாக்கு இல்ல, அடுத்த மாசம் வரும்னு நான் சொல்லலாம். புடவைன்னா அப்பிடித்தான் சொல்லுவேன், நாக்கு கூசாது. உங்ககிட்ட வரல. எட்டாவது எழுதவே இல்லம்மா.

கோச்சுக்காதீங்க. ஏழாவது வந்த அன்னிக்குக் கடை வாசல்ல ஒருத்தரு கார்ல ஏறினாரு. டப்பாவைத் தொறந்தாரு, அத்தியாயத்தை எடுத்தாரு. சுகாசினி எட்டிப் பாத்துக்கினே இருக்கா. நானும்தான். பிரிச்சாரு, ரெண்டா மடிச்சாரு, கண்ணாடி மேல காக்கா போட்டதைத் தொடச்சாரு. தொடச்சுட்டு நல்லா தொடைக்குதேன்னு பொண்டாட்டிகிட்ட வேற சொன்னாரு. சுகாசினி வீட்டுக்கு வந்து பேனாவை மூடி, அரிசி டின்னு மேல வச்சா. கேக்க ஒரு நாதியில்லாதவளை நான் எதுக்குக் கரையேத்தணும், நிக்கட்டும்னுட்டா. அதோட முடிஞ்சுது.

நான் படிக்கிறேனேன்னேன். நீ புருஷன், நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவன்னா. அதுவும் நெசம்தான், சோறு அங்கதானே. ஆனா ஒண்ணு சொல்றேன்மா. எதை எடுத்தாலும் வித்துடுவேன்னு மார் தட்டினவன் நான். ஒருத்தரைப் படிக்க வைக்க எனக்கு வழி தெரியலயே. அவ இப்பல்லாம் பேசறதே கொறைஞ்சு போச்சு. வர்றா, வேலையைப் பாக்கறா, போறா. ஆத்துல நிக்கறது கிருஷ்ணவேணியா இவளான்னு சமயத்துல எனக்கே சந்தேகம் வந்துடுது.

இன்னாது, நீங்களே எழுதிடுவீங்களா? எப்பிடி? அப்பா பக்கம் போவக் கூடாது. சரி. குமாரவேலு பக்கமும் வேணாமா? ஏன், அவன் நல்ல பையன்தானே? ஓ, மரத்து மேலேந்து எறங்கவே மூணு அத்தியாயம் எடுத்துக்கினான், அவனை நம்பி எப்பிடின்றீங்க. அது பாயிண்ட்டு. பின்ன பொண்ணு எங்கதான் போறது? தண்ணி போற பக்கமே நடந்து போய், ரெண்டு பேரும் இல்லாத எடமா பாத்து ஏறிக்கணுமா?

அம்மா, அதை இன்னொரு வாட்டி சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. இல்ல, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உங்க பின்னாடி மடிச்சிக்கினு இருக்கறவளுக்குக் கேக்கணும். அவதான் சுகாசினி.

திரும்பிப் பாருங்க. அந்த மொத புக்கோட பின்னட்டைப் போட்டோவுல இருக்கறதும் இவதான், ஸ்டுடியோக்காரன் பவுடரைக் கொட்டிட்டான், பெத்த தாயே யாருடி இவன்னு கேட்டாங்க. நீங்க உள்ள வந்து எட்டாவது எங்கன்னு கேட்டீங்க பாருங்க, அப்போலேந்து அந்த ஒரு மாம்பழக் கலரைத்தான் மடிச்சிக்கினு இருக்கா. காசு குடுத்து, டப்பாவுக்கு அடம் புடிச்சு, திட்டறதுக்குப் பஸ்ஸு ஏறி வந்த ஆளு. உங்க வாயாலயே அவ எல்லாத்தையும் கேக்கட்டும்னுதான் நானும் இவ்ளோ நேரம் வளவளன்னு இழுத்தேன்.

இப்பத் திட்டுங்கம்மா. ஏம்மா, நீங்க ஏன் அழுவறீங்க? ஏய், நீயும் அழுவாத, பட்டு மேல சொட்டப் போவுது. தனசேகரு, காபி ரெண்டா சொல்லுபா.

இன்னா தேடற? பேனாவா? இந்தா. அய்யய்ய, புடவைக்குள்ள வைக்கிற அட்டையாச்சே அது, அதுல போயா எழுதற? எழுது, எழுது, முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்.

அம்மா, வாலாஜாவுக்கு எத்தனை மணிக்குப் பஸ்ஸு? ஆறுக்கா? சுகா, அம்மாவுக்கு ஆறு மணிக்குப் பஸ்ஸாம். அதுக்குள்ள பொண்ணைக் கரையேத்திடுவியா?