எண்ணாமல் எண்ணிய நாரைகள்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் துர்சுன்பெக் ஐயா அவர்களே, வெள்ளைக் கம்பளித் தொப்பிகளோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் கடைந்த கையோடு வந்து கூடியிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

பறவைகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்த நான் எதையும் எளிதில் நம்பாதவள். கையில் கைபேசியைக் கொடுத்தால் மேய்ப்பவர் ஆய்வாளர் ஆகிவிடுவாரா? ஆக மாட்டார் என்றே நினைத்தேன். ஆனால் வேறு வழி என்ன இருந்தது? நம் கோக்சாய் ஏரியை வற்றவைத்து வயலாக்கத் திட்டம் வந்தது. இருநூறு நாரைகளாவது இங்கே தங்குகின்றன என்று அரசுக்குக் காட்டினால் ஏரி பிழைக்கும். காட்டாவிட்டால் நீரும் இல்லை, நாரையும் இல்லை, உங்கள் மந்தைக்கு மேய்ச்சலும் இல்லை.

படம் எடுங்கள், எத்தனை என்று எழுதுங்கள் என்றேன். எழுதினீர்கள். என்ன எழுதினீர்கள்? "கொஞ்சம்." மறுநாள்? "கொஞ்சம்." நாற்பது வீடுகளிலிருந்தும் அதே "கொஞ்சம்".

இப்போது சிரிக்கிறீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை. நேராகச் சாய்கல் அக்காவின் கூடாரத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஏன்க்கா, உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

"சொந்த ஆட்டையே எண்ணிச் சொல்ல மாட்டோம், கண்ணு பட்டுரும். வந்த விருந்தாளியைப் போய் எண்ணச் சொல்றியே, இதைத்தான் காலேஜுல படிச்சியா?"

"அப்ப ஏரி போகட்டுமா?"

"படத்தை உன் கம்ப்யூட்டர் மெஷின்கிட்ட குடு. அதுக்குத்தான் கண்ணே இல்லையே, அது எண்ணட்டும்."

ஒரே காலையில் நீங்கள் எடுத்த படங்களைக் கணினியிடம் கொடுத்தேன். நூற்று எண்பத்தேழு என்றது. பதின்மூன்று குறைவு. வாடிய என் முகத்தைப் பார்த்த அக்கா, படத்தை வாங்கிப் பெரிதாக்கினார்.

"உன் மெஷின் மக்குடி. இதைக் கல்லுன்னு விட்டிருக்கே, இது கல்லா? தலையைச் சிறகுக்குள்ள செருகிக்கிட்டுத் தூங்குது பாரு. இதுவும். இதுவும்."

"இப்ப எண்ணுறீங்களேக்கா."

"எண்ணலடி. தொட்டுக் காட்டுறேன்."

அவ்வளவுதான். கல்லென்று கணினி கழித்ததையெல்லாம் நாற்பது வீட்டு விரல்களும் தொட்டன. தொட்டதையெல்லாம் கணினி கூட்டியது. கண்ணில்லாத கருவிக்குக் கண் கொடுத்தது யார்? நீங்கள். கணக்குச் சொல்லாத உங்களுக்காகக் கணக்குச் சொன்னது எது? அந்தக் கருவி. இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அடுத்த வசந்தத்தில் நாரைகள் எங்கே இறங்கியிருக்கும்?

இன்று காலை அரசின் கடிதம் வந்துவிட்டது. இருநூற்றைத் தாண்டிவிட்டோம். ஏரி இனி ஏரியாகவே இருக்கும்.

பின்வரிசையில் "சரியா எத்தனைம்மா?" என்று கேட்கிறார்கள். தாள் என் கையில் இருக்கிறது. கண்ணேறு என்பதை நம்பாதவள் நான். எண்ணைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் அதோ, சாய்கல் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்பர்களே, நம் ஏரியில் நாரைகள் கொஞ்சம் இருக்கின்றன.

தொட்ட விரல்களுக்கெல்லாம் நன்றி கூறி, உங்களையும் நம் விருந்தாளிகளையும் வணங்கி அமர்கிறேன்.