இருபுறமும் குரலில்லாத இசைத்தட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் லாசெல்ஸ் அவர்களே, இசைக் கலைஞர் சங்கத் தலைவி திருமதி ஹையசிந்த் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் வெரோனாவின் மகள் யானிக், வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் நம் வாட்டர்ஹவுஸ் பேட்டை மக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் எகர்ட்டன் பியூசி, மரியாதையாக நீங்கள் கூப்பிடும் மாஸ் எகர்ட்டன். பாஸ்கோம் ஸ்டூடியோவில் முப்பது ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்தவன். என் பேச்சுக்குப் பிறகு, "மறைந்தவரின் சொந்தக் குரலில் 'விடியப் போகுது கண்ணே' பாடல்" என்று உங்கள் கையிலிருக்கும் தாளில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தக் கிழவன் எப்போது முடிப்பான், பாட்டை எப்போது போடுவான் என்று காத்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி வெரோனா டல்லாக் யார்? எங்கள் ஸ்டூடியோவில் ஆண்களுக்கு முன்னால் வந்து நின்று நம் தீவின் ரெகே பாட்டைப் பாடிய முதல் பெண். அந்த நாளில் பெண் என்றால் பின்னால் நின்று "ஊ" என்று இழுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரைக் கூடையோடு, ஏழு மாத வயிற்றோடு, கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதலாளி பாஸ்கோம் சிரித்தார்.

"ஏம்மா, அந்த மூணு பசங்களுக்குப் பின்னால போய் நில்லு."

"நான் நடுவுல நிக்கிறேன் மிஸ்டர் பாஸ்கோம். அவனுங்க பின்னால நின்னு ஊளையிடட்டும்."

டிரம் வாசித்தவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "சரி, ஒரே தடவை. சொதப்பினா கீரை விக்கப் போயிடணும்" என்றார் முதலாளி. வெரோனா ஒரே தடவைதான் பாடினார். வயிற்றிலிருந்த பிள்ளைக்காகக் கட்டிய பாட்டு அது. அந்தப் பிள்ளைதான் இன்று முன்வரிசையில் இருக்கிறாள்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு வரவில்லை. எங்கள் தொழில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தட்டின் ஒரு பக்கம் பாட்டு. மறுபக்கம் குரலை எடுத்துவிட்டு வெறும் தாளம், ஆட்டக் களத்தில் மைக் பிடிப்பவன் அதன்மேல் பேசுவதற்காக. அந்தக் குரலை எடுப்பதுதான் என் வேலை, அதில் எனக்குப் பெயரும் உண்டு. அன்று அவசரத்தில் தட்டு அடிக்கும் ஆலைக்கு நான் அனுப்பிய இரண்டு ஒலிநாடாவும் குரல் நீக்கிய நாடா. இரண்டு பக்கமும் வெறும் தாளமாக வந்தது. மேலே வெரோனா டல்லாக் என்று பெயர், உள்ளே வெரோனா இல்லை.

தட்டு தீயாய் விற்றது. "விடுய்யா, ஜனம் ஆடுது இல்ல?" என்றார் முதலாளி. அந்தத் தாளத்தில் எத்தனை ஆண்கள் பாடிப் பெயர் வாங்கினார்கள்! ஒருமுறை மேடையில் வெரோனா அந்தப் பாட்டை எடுத்தார். முதல் அடி முடியவில்லை, கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "யம்மா, தள்ளிக்கோ. தாளத்தைக் கெடுக்காத." அதன் பிறகு அவர் அதைப் பாடவே இல்லை, வீட்டில்கூட. பதினோரு தட்டு வேறு பாட்டுகள் பாடினார். எத்தனையோ பெண்களைக் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். மகள் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னால் மட்டும், "ஒரு தடவை சரியாப் பாடி வெச்சிருக்கேன்டி. மாஸ் எகர்ட்டன்கிட்ட நாடா இருக்கு. அதுலயே கேளு" என்பாராம்.

நாடா இருந்ததா? நாடாவுக்குப் பஞ்சமான காலம் அது. அடுத்த வாரமே அதன்மேல் வேறொருவன் பாட்டைப் பதிந்துவிட்டேன். என் கையால் அழித்தேன். வெரோனா ஆண்டுதோறும் கேட்டார். "எங்கயோ இருக்கு மிஸ் வீ, தேடிட்டிருக்கேன்" என்று ஐம்பத்து மூன்று ஆண்டுகள் பொய் சொன்னேன். போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், குரல் போன தொண்டையோடு, "கிடைச்சா என் காரியத்துல போடுங்க. புள்ள கேக்கட்டும்" என்றார். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "சரி" என்றேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

நண்பர்களே, போட என்னிடம் பாட்டு இல்லை. தாளத்தையாவது போடலாம் என்று போதகர் காதில் சொல்கிறார். வேண்டாம் ஐயா. அதைப் போட்டால் நம் கால் தானாக ஆடும்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று இந்த இடத்தில் உறுதி சொல்வது முறை. எதைத் தொடர்வது? ஸ்டூடியோ இருந்த இடத்தில் டயர் கடை இருக்கிறது. அவர் முன்னால் நிறுத்திய பெண்களில் பாதிப் பேர் மறுபடி பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். எண்பது வயதில் நான் என்ன உறுதி கொடுக்க? இனி பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

யானிக் எழுந்து நிற்கிறாள். சொல்லம்மா. இவள் கேட்பது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். "நாடா போகட்டும் மாஸ் எகர்ட்டன். அன்னிக்கு அந்த ரூம்ல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அம்மா எப்படிப் பாடினாங்க? அதையாவது சொல்லுங்க" என்கிறாள்.

மகளே, தாளம் நினைவிருக்கிறது. டிரம் எங்கே விழுந்தது, பேஸ் கிட்டார் எங்கே நின்றது, எல்லாம் நினைவிருக்கிறது. அன்று என் காது முழுக்க அதில்தான் இருந்தது. உன் அம்மா எப்படிப் பாடினார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.