புது மேனேஜர் வரும்வரை

நியூயார்க்கிலிருந்து நியூஜெர்சியின் ஐசலினுக்கு வரும் மாலை ரயிலில் என் முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். அவர்கள் ரசிகர்களாக இருக்கும் பேஸ்பால் டீமின் மேனேஜரை, அதாவது தலைமைக் கோச்சை, அன்று காலைதான் வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்களாம். டீம் தொப்பி போட்டவர் திடீரென்று சொன்னார்:

“பேசாம என் மாமியாரை மேனேஜரா போட்டுடலாம்டா.”

கண்ணாடி போட்டவர் சிரிக்கவில்லை. “விளையாடாத. ரிட்டயர் ஆன அந்த கேட்சரைக் கொண்டு வரணும். அவருக்குத்தான் பிளேயர்ஸ் பயப்படுவாங்க.”

“இப்பத் தூக்கினவரைப் போடறப்பவும் இதையேதான் சொன்ன. பயந்து பயந்துதான் மொத்த சீசனையும் கோட்டை விட்டாங்க.”

“அப்ப லேப்டாப்போட சுத்தற அந்த அசிஸ்டென்ட் கோச்?”

“அவனா? பந்து போடற பிட்சருக்குக் கை வலிக்குதான்னுகூட லேப்டாப்பைப் பாத்துதான் சொல்லுவான். கடைசி மேட்ச்ல, ‘அந்தப் பையன் களைச்சுப் போயிட்டான், ஆளை மாத்துங்கடா’ன்னு என் மாமியார் சோபால உக்காந்து கத்தறாங்க. மாத்தல. தோத்தோம்.”

“அவங்க அடுத்த வாரம் சென்னை கிளம்பறாங்க இல்ல?”

“எங்க கிளம்பறாங்க? புது மேனேஜர் யாருன்னு தெரியாம பிளேன் ஏற மாட்டாங்களாம். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாச்சு. என் வைஃப் தலையில அடிச்சுக்கறா.”

“நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?”

தொப்பிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தள்ளிப் போடச் சொன்னதே நான்தான்டா. அவங்களும் போயிட்டா இந்த டீமை நான் யாரோட உக்காந்து திட்டறது?”