பேஸ் கிட்டார் விற்பனைக்கு

...பாட்டுன்னா அதுக்கு ஒரு ஆரம்பம், ஒரு முடிவு வேணாமாங்க தம்பி? நீங்களே சொல்லுங்க. கிட்டார பாக்கலாம், இருங்க, அது எங்க ஓடப்போவுது? கட்டில் மேலதான் கெடக்குது. ஆன்லைன்ல போட்டு நாலே நாள்ல குறிஞ்சிப்பாடிலேர்ந்து ஆளு வருதுன்னா பாத்துக்குங்க! எட்டு வருசமா எங்கையில இருந்தது. மொதல்ல காப்பி குடிங்க. மணிமொழி, தம்பிக்கு சக்கர கம்மியா!

எங்க பேண்டு பேரு ‘பழுப்பு’ங்க. பேஸுக்கு நானு, கிட்டாருக்கு இனியன், டிரம்ஸுக்கு ரைஹான். என்னமோ சொல்ல வந்தீங்க... இருங்க, முடிச்சிடறேன். சினிமாப் பாட்டுலாம் தொட மாட்டோம். சொந்த ராக்கு, எல்லாம் நான் எழுதினது. ஒரு பாட்டு இருவத்திமூணு நிமிசம். தாளத்துல பதினொண்ணு எண்ணி வாசிக்கணும், அப்பறம் ஏழு, அப்பறம் பதிமூணு. ஏங்க சிரிக்கறீங்க? நான் நெய்வேலில பொறந்தவன். இங்க பிளாக்குக்கு நம்பரு, வூட்டுக்கு நம்பரு. சுரங்கத்துல வேல பாத்த எங்கப்பாவே டோக்கன் நம்பர் சொன்னாத்தான் திரும்பிப் பாப்பாரு. எண்ணாம எனக்குப் பல்லு கூட வெளக்க வராது.

இப்ப என்னடான்னா, நான் எழுதின நோட்டயே தொறக்க மாட்டேங்கறானுங்க. ரைஹான் வூட்டு கார் ஷெட்ல உக்கார்றோம். எவனோ ஒருத்தன் ஆரம்பிக்கறான், தோணினபடி போவுது. போன மாசம் ஒரு நாளு ரைஹான் கால் மணி நேரம் தகர பக்கெட்டு மேல சங்கிலிய இழுத்துகினு இருந்தான். இனியன் கண்ண மூடிகினு ‘ஆகா’ங்கறான்! எதுக்குடா ஆகா? எங்க சேர்றதுன்னு தெரியாம நான் சும்மா உக்காந்துகினு இருந்தேன். அதுக்கும், ‘அண்ணே, அந்த மௌனம் இருக்கே, அடாடா!’

நாலு வருசம் தம்பி. ஷிப்டு முடிஞ்சி வந்து உக்காந்து எழுதினது, ஒம்போது பாட்டு. வயிறு எரியுதுங்க.

யாரு கெடுத்ததா? அது வந்து... காப்பி ஆறுது, குடிங்க. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொன்னா என்ன? போன வருசம் பாண்டிச்சேரில கச்சேரி. பதினொண்ணு முடிச்சி ஏழுக்குப் போவணும். மொத வரிசைல ஒரு பெரியவரு கொட்டாவி வுட்டாரு பாருங்க, எனக்கும் வந்துடிச்சி. வாய மூடறதுக்குள்ள எண்ணிக்க போச்சி! மானம் போயிடுமேன்னு கைக்கு வந்தத வாசிச்சேன். ரைஹான் என்னயப் பாத்தான், பின்னாடியே வந்தான். இனியனும் வந்தான். நாப்பது நிமிசம்! நிறுத்தினா ஜனம் எழுந்து நின்னு கை தட்டுது. அந்தப் பெரியவரும்தான்.

கீழ எறங்கினதும் இனியன் கேட்டான், ‘வேணும்னேதானண்ணே பண்ணீங்க?’ அங்கயே உண்மைய சொல்லித் தொலைச்சிருக்கலாம். ‘ஆமாண்டா, எழுதி வெச்சி வாசிக்கறது ஆபீஸ் வேல, இனிமே இதான் நம்ம வழி’ன்னுட்டேன். அத ரைஹான் ஷெட்டு சொவத்துல பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கான். கீழ எம்பேரு. செங்குட்டுவன்னு.

தாங்க முடியாம, கை வலிக்குது, இனிமே வர்லடான்னுட்டேன். ஓடி வந்து கூப்புடுவானுங்கன்னு பாத்தேன். மூணு வாரம் ஆச்சிங்க. விக்கறதா போட்டாலாவது வருவானுங்கன்னுதான்...

சரி, என் கத எதுக்கு. நீங்க எங்க வாசிக்கறீங்க?

எந்த ரைஹான்? ...கார் ஷெட்டு ரைஹானா? அவந்தான் அனுப்பினானா? ...என் எடத்துல வாசிக்கவா?

நாளைக்கேவா!

...இருங்க, எடுத்துகினு வரேன். ஒறையும் இருக்குது, அதயும் எடுத்துக்குங்க. ஒண்ணு மட்டும் தம்பி... அந்தக் கொட்டாவி விசயத்த அவனுங்ககிட்ட சொல்லிடாதீங்க.