பதினொரு பேருக்குப் பிடிக்காதவள்

— ரெண்டு முனையையும் இறுக்கிப் பிடிங்க ஏட்டம்மா, சூடா இருக்கும். இப்பத்தான் இஸ்திரி மெஷின்லேர்ந்து வந்திருக்கு. பிடிச்சுட்டே சொல்லுங்க, வாய் சும்மாதானே இருக்கு.

— நான் பெட்ஷீட் மடிக்க வரலைங்க அக்கா. மூணு மணிக்குள்ள உங்ககிட்ட ஒரு விஷயம் பேசி முடிக்கணும்னு வந்தேன்.

— மூணு மணிக்குள்ள நான் நூத்தி இருபது மடிச்சாகணும். கூட மடிக்கற பொண்ணு இன்னிக்கு லீவு. நீங்க பிடிச்சா ரெண்டு பேர் காரியமும் நடக்கும். ம், இப்ப என் பக்கமா நடந்து வாங்க. முனையோட முனை. அவ்வளவுதான். பஸ் டிப்போவில நேரம் எழுதற கைன்னு சொன்னா நம்பலாம், ஒரு நூல் பிசகலை.

— யாரும்மா இது, புதுசா ஆள் போட்டிருக்காங்களா? எங்கிட்ட யாரும் சொல்லலையே.

— இல்லைங்க சூப்பர்வைசர் சார், நம்ம சிநேகிதி. முகத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன். ஏழு மாசமா போன்ல சேந்து கதை எழுதறோம். ஏழுகரைன்னு ஒரு நாடு. எந்த மேப்லயும் கிடையாது, எழுதறவங்களே கட்டினது. அதுல ஆளுக்கு ஒரு வேஷம் சார். ஒருத்தர் ராஜா, ஒருத்தர் தளபதி, நான் வெள்ளச்சின்னு ஒருத்தி. அவங்கவங்க ஆள் என்ன செஞ்சான், என்ன பேசினான்னு அவங்கவங்கதான் எழுதணும். அந்த நாட்டோட சட்டம், சரித்திரம் எழுதி வெக்கற ஏடு மொத்தமும் இந்தம்மா கையில. அதான் ஏட்டம்மான்னு பேரு.

— என்னமோ பண்ணுங்க. ஆபரேஷன் தியேட்டர் பச்சைத் துணியை இதோட கலந்துடாதீங்க, எனக்கு அது போதும்.

— போயிட்டார். தங்கமான மனுஷன், ஆனா பச்சைத் துணின்னா உயிரை வாங்குவார். நீங்க சொல்லுங்க ஏட்டம்மா.

— எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நேராவே சொல்லிடறேன். நீங்க ஏழுகரையை விட்டுப் போகணுங்க அக்கா. பதினொரு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க. ஒண்ணு வெள்ளச்சி இருக்கணும், இல்லைன்னா நாங்க இருக்கணும்னு. இன்னிக்கு மூணு மணி கெடு. ஒரு பொத்தானை அமுக்கி உங்களை வெளிய தள்ள எனக்கு மனசு வரலை. இந்த ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல வேலைன்னு நீங்க ஒரு தடவை பேச்சுவாக்குல சொன்னீங்க. அதான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன்.

— பதினொரு பேரா? நாலஞ்சு பேர்னு நினைச்சேன். அப்படி என்னம்மா பண்ணிட்டேன் நான்?

— ஒண்ணா ரெண்டா. கருநதியில வெள்ளம் வந்தா யாரும் கடக்க முடியாது. முதல் வருஷமே எழுதி வெச்ச விதி அது. அதை மீறிக் கடக்கப் போய்த்தான் தளபதிக்கு ஒரு கை போச்சு. அந்த ஒத்தைக் கையை வெச்சே நாலு வருஷம் கதை ஓடியிருக்கு. நீங்க வந்த மூணாம் நாள், வெள்ளச்சி கணுக்கால்கூட நனையாம அக்கரைக்குப் போய், ஒரு பொண்ணுக்குக் கஷாயம் குடுத்துட்டுத் திரும்பி வந்தான்னு எழுதறீங்க.

— அந்தப் பொண்ணுக்கு ஜுரம் அனலாக் கொதிக்குதுன்னு எழுதியிருந்தாங்களே. வெள்ளம் வடியற வரைக்கும் எப்படிம்மா கையைக் கட்டிட்டு இருக்கறது?

— அப்புறம் முற்றுகை. பத்தாயிரம் பேர் கோட்டையைச் சுத்தி நிக்கறாங்க. ரெண்டு மாசமா அதுக்குத் திட்டம் எழுதிட்டு இருக்கோம். சுரங்கம் எந்தப் பக்கம், தண்ணி எத்தனை நாளைக்கு வரும், எல்லாம். வெள்ளச்சி மதில் மேல ஏறி, ‘எல்லாரும் வீட்டுக்குப் போங்கடா, அம்மா தேடுவாங்க’ன்னு ஒரே ஒரு அதட்டல். பத்தாயிரம் பேரும் போயிட்டாங்க.

— போனாங்கல்ல.

— போனாங்கன்னு நீங்க எழுதினீங்க. அப்புறம் போகாம என்ன பண்ணுவாங்க.

— அதுவும் சரிதான். அந்த ஓரம் தரையில படுது பாருங்க, தூக்கிப் பிடிங்க.

— எல்லாத்தையும்கூடப் பொறுத்துக்கலாம். கொள்ளைநோயைப் பொறுக்க முடியலை. எட்டு மாசம் வளத்த நோய் அது. ராஜா படுத்த படுக்கை, பட்டத்துக்கு ரெண்டு பேர் போட்டி, நாடே மூச்சைப் பிடிச்சுட்டு இருக்கு. நீங்க ஒரு வரி எழுதினீங்க. ‘வெள்ளச்சி வந்தாள், எல்லாருக்கும் சரியாகிவிட்டது.’ அதைப் படிச்ச கையோட நான் ரெண்டு வண்டியை ஒரே நேரத்துக்கு ஒரே ரூட்ல அனுப்பிட்டேன். டிப்போவில பதினாறு வருஷத்துல எனக்கு அப்படி ஆனதே இல்லை.

— கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். இதோ இந்தக் குவியல் இருக்கே, எல்லாம் ஒவ்வொரு கட்டில்லேர்ந்து வந்தது. எந்தக் கட்டில்ல ஆள் தேறிட்டாங்க, எந்தக் கட்டில்ல இல்லைன்னு துணியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுடும். நாள் பூரா அதுல நின்னுட்டு, வீட்டுக்குப் போய்ப் போனைத் திறந்தா அங்கயும் ஒருத்தர் படுத்துக் கிடக்கறார். இங்க என்னால துவைக்கத்தான் முடியும். அங்க எழுதிச் சரி பண்ணிடலாமே. அதான் பண்ணினேன். ஒரே வரியில பண்ணினது தப்புதான். ரெண்டு வரியாவது எழுதியிருக்கணும்.

— சிரிப்பு காட்டாதீங்க அக்கா, நான் கடுமையாப் பேசணும்னு முடிவு பண்ணி வந்திருக்கேன். நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்லை. ஆனா யாராலயும் ஜெயிக்க முடியாத ஒருத்தி உள்ள வந்துட்டா, மத்தவங்க எதுக்காக எழுதணும்? தோத்துடுவோமோன்னு ஒரு பயம் இருந்தாத்தான் கை ஓடும். ஒன்பது வருஷமா கல்லு கல்லா அடுக்கின நாடு. என் வாழ்க்கையில நான் உருப்படியாப் பண்ணின ஒரே காரியம். அது இடிஞ்சு போறதை என்னால பாக்க முடியாது.

— யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னு யார் சொன்னது? நான்தான் அட்டையில எழுதிக் குடுத்தேனே.

— எந்த அட்டை?

— சேரும்போது குடுக்கச் சொன்னீங்களே, அந்த அட்டை. உங்க ஆளோட பலத்தை எழுதுங்க, அதே எடைக்கு ஒரு குறையும் எழுதுங்க, ஏட்டம்மா பாத்து முத்திரை வெச்சாத்தான் உள்ள வரலாம்னு சொன்னீங்க. நான் ஆறு பலம் எழுதினேன், எந்த வெள்ளத்தையும் கடப்பாங்கறதும் அதுல ஒண்ணு. குறை ஒண்ணே ஒண்ணுதான். ஆனா ஆறையும் சாச்சுடற குறை. நீங்களும் முத்திரை வெச்சீங்க.

— வெச்சேன்.

— அப்புறம் என்ன?

— பலத்தைப் படிச்சேன் அக்கா. குறை வரைக்கும் வரலை. எத்தனையோ நாளுக்கு அப்புறம் புதுசா ஒரு ஆள் வந்துட்டாங்கன்னு ஒரு சந்தோஷம். அந்த வேகத்துல முத்திரையைக் குத்திட்டேன்.

— அடப்பாவமே. போனை எடுங்க, எடுத்து இப்பப் படிங்க. இந்த மடிப்பை நான் ஒத்தையாப் பிடிச்சுக்கறேன்.

— இருங்க, தேடறேன். இதோ இருக்கு. ‘வெள்ளச்சியை யாராவது உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவாள். அன்று முழுக்க அவளால் எதுவும் செய்ய முடியாது.’

— அவ்வளவுதான்.

— இவ்வளவுதானா?

— ஏழு மாசம் ஏட்டம்மா. தளபதி வாளை உருவினார். உளவாளி பால்ல விஷம் வெச்சான். மந்திரக்காரன் காட்டையே கொளுத்தினான். ஒருத்தர்கூட உக்காருன்னு சொல்லலை. நானும் இப்பச் சொல்வாங்க, அப்பச் சொல்வாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். மதில் மேல ஏறும்போது முழங்கால் விட்டுப் போச்சுன்னு ஜாடை மாடையா எழுதிக்கூடப் பாத்தேன்.

— அதைச் சும்மா அலங்காரத்துக்கு எழுதினதுன்னு நினைச்சுட்டேன்.

— நிக்கற உத்தியோகம்மா இது. இந்தக் கூடத்துல ஒரு நாற்காலி இருக்கா பாருங்க. எட்டு மணி நேரமும் கால்தான். ஒரு வார்த்தை உக்காருன்னு சொன்னா ஆளே சரிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்ச பெரிய குறை அதுதான், எழுதிட்டேன்.

— அப்போ நீங்க எந்த விதியையும் மீறலை.

— இல்லையே.

— ஆறு பலத்துக்கும் ஈடா ஒரு குறை, முறைப்படி எழுதி, முறைப்படி முத்திரையும் வாங்கியிருக்கீங்க. தப்பு முழுக்க என்னோடது. அப்பாடா. எனக்கு எப்படி இருக்குன்னு சொல்லத் தெரியலை அக்கா, மார்மேல ஒரு பஸ்ஸையே நிறுத்தி வெச்சிருந்தாங்க, எடுத்துட்டாங்க. இருங்க, இப்ப யோசிக்கணும். பத்தாயிரம் பேர் வீட்டுக்குப் போனாங்கல்ல, அவங்கள்ல ஒருத்தனுக்கு இந்தக் குறை தெரிஞ்சு போகுது.

— யார் சொல்லி?

— அவங்க அம்மா சொல்லித்தான். அடுத்த தடவை படை வரும்போது வாளோட வரலை. முன்னாடி ஒருத்தன் நாற்காலியைத் தூக்கிட்டு வரான்.

— மெத்தை போட்டதா இருக்கட்டும்மா.

— இருக்கட்டும். வெள்ளச்சி மதில் மேல நின்னு அதைப் பாக்கறா. முதல் தடவையா அவளுக்குப் பயம் வருது. இது போதும், ஒரு வருஷம் ஓட்டலாம். அவ உக்காந்துட்டா கருநதி மறுபடியும் யாரையும் விடாது. நோய்கூடத் திரும்பி வரலாம்.

— ராஜாவை மட்டும் திரும்பப் படுக்க வெச்சுடாதீங்க. எழுந்து நாலு இட்லி... சேச்சே, அந்த நாட்டுல என்ன தின்பாங்களோ, அதைத் தின்னுட்டு நடமாடட்டும்.

— சரி, ராஜா நடமாடட்டும். நீங்க கேட்டதுக்காக.

— நல்லாத்தான் இருக்கு. ஏழு மாசத்துல இன்னிக்குத்தான் மனசு விட்டுச் சிரிச்சேன். ஆனா நான் போயிடறேன் ஏட்டம்மா.

— என்ன அக்கா இது, எல்லாம் சரியாயிடுச்சே.

— உங்களுக்குச் சரியாச்சு. அந்தப் பதினொரு பேருக்கு? ‘இந்தக் கிழவி காலெடுத்து வெச்சா, நாடு குட்டிச்சுவராச்சு’ன்னு தளபதி எழுதினார். அதை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன் தெரியுமா. ஒருத்திக்காகப் பதினொரு பேர் வெளிய போகக்கூடாது. பதினொரு பேர் இல்லைன்னா அப்புறம் அது என்ன நாடு. உங்க ஒன்பது வருஷத்தை நான் கெடுத்ததா இருக்க வேண்டாம்.

— அவங்க ஒத்துக்குவாங்க. நான் சொல்றேன்ல.

— கேக்காமலேயா? நீங்க நல்லவங்க, எனக்காகப் பேசறீங்க. அவங்க மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மணி ரெண்டே முக்கால் ஆகுது. தளபதிக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. நானே பேசறேன். மன்னிப்பு கேட்டுக்கறேன். அவர் சரின்னா இருக்கேன், இல்லைன்னா போயிடறேன்.

— வேண்டாம் அக்கா.

— போடுங்கம்மா. திட்டினாத் திட்டட்டும்.

— போட்டா என் பையிலதான் அடிக்கும்.

— என்ன சொல்றீங்க?

— தளபதி நான்தான்.

— தளபதி ஆம்பளைல்ல?

— இருந்தார். கல்யாணம் ஆச்சு, புது வேலை, எழுத நேரமில்லைன்னு ஒரு நாள் போயிட்டார். ஏழுகரையில ஒரு விதி இருக்கு அக்கா, காரணம் இல்லாம யாரும் காணாமப் போகக்கூடாது. விதி போட்டது நான். அவர் திரும்பி வர வரைக்கும் பாத்துக்கலாம்னு அவர் பேர்ல நாலு வரி எழுதினேன். அடுத்து உளவாளி போனான். அப்புறம் மந்திரக்காரன். பஸ் போய் பஸ் வர இடைவெளியில உக்காந்து ராஜாவா ஒரு வரி, மந்திரியா ஒரு வரி எழுதிட்டு இருக்கேன்.

— ராஜாவும் நீங்களா?

— அந்தப் பதினொரு பேரும் நான்தான். வெள்ளச்சி பண்ணினது எனக்குப் பிடிக்கலை. எனக்குப் பிடிக்கலைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பதினொரு வாய் கைவசம் இருந்துச்சு. மிரட்டினா அடங்குவீங்கன்னு பாத்தேன். நீங்க அடங்கலை. கெடு வெச்சேன். வெச்ச கெடுவை நானே மீறினா அப்புறம் எந்த விதியும் நிக்காது. வழி தெரியாமத்தான் அக்கா இங்க வந்தேன். நீங்களா எதையாவது சொல்லி என்னைத் தடுத்துட மாட்டீங்களான்னு வந்தேன். திட்டணும்னா திட்டிடுங்க.

— இருங்க, இருங்க. அப்போ என்னைப் பிடிக்காதது ஒரே ஒருத்தருக்குத்தானா?

— ஆமாங்க.

— ஐயோ ஏட்டம்மா, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா. நாலஞ்சு பேரோட வெறுப்புன்னு நினைச்சு அதைச் சுமந்துட்டு இந்தக் கூடத்துக்கும் வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டு இருந்தேன், இன்னிக்கு வந்து பதினொண்ணுன்னீங்க. பஸ்ல பக்கத்துல வந்து உக்கார்றவங்களைக்கூட, இவர்தான் தளபதியோன்னு ஒரு பார்வை பாப்பேன். ஒருத்தர்னா பரவால்லை. ஒருத்தரைச் சமாளிச்சுக்கலாம்.

— உங்களுக்குக் கோவம் இல்லையா?

— கிழவின்னு சொன்னதுக்கு மட்டும் கொஞ்சம் இருக்கு. அதை அப்புறம் வெச்சுக்கறேன். இந்த முனையைப் பிடிங்க, இன்னும் நாப்பது இருக்கு. ஆமா, போன்ல அங்க முப்பது பேர்னு காட்டுதே. உங்க பதினொண்ணு போனாலும் மீதி ஆட்கள் இருக்காங்கல்ல?

— பேர் இருக்கு. ஆள் வந்து வருஷக்கணக்காச்சு.

— அப்போ ஏழுகரையில நிஜமா எத்தனை பேர்தாம்மா எழுதறோம்?

— உங்களோட சேத்து ரெண்டு பேர். மூணு மணிக்கு ஒண்ணாயிடுமோன்னு பயந்துதான் அக்கா ஓடி வந்தேன்.