எட்டு டன் கல்லும் அண்ணனின் வாயும்

— மார்ச் பதினொண்ணு, புதன்கிழமை. மியூசியத்தோட பின்முற்றம். எட்டு டன் கல்லு ஒண்ணு, அறுபது பேர், நாலு கயிறு. நண்பர்களே, காலையிலேர்ந்து இழுக்கறாங்க. கல்லு இருந்த இடத்துலயே இருக்கு.

— அண்ணா, கேமராவை என் மூஞ்சியிலேர்ந்து எடு.

— இவங்கதான் நண்பர்களே, இந்தச் சோதனையை நடத்தற அதிகாரி. என் கூடப்பிறந்த தங்கச்சி. வெளிநாடெல்லாம் போய்ப் படிச்சு, கல்லைக் கயிறு கட்டி இழுக்கலாம்னு கண்டுபிடிச்சிருக்காங்க.

— நீ எதையும் படிக்காமலே, அந்தக் காலத்துக் கல்லையெல்லாம் பறக்கும் தட்டு வந்து தூக்கி வெச்சதுன்னு கண்டுபிடிச்சியே. அதுக்கு இது தேவலை.

— மேடம், எனக்கென்ன, சும்மா கேக்கறேன். மெஷினை இறக்கட்டுமா?

— வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு.

— இவர் யாரு?

— கல் அறுக்கறவன் சார். முற்றத்தைத் தோண்டினப்போ கிடைச்ச கல்லு இது. கிரேன் இந்த வளைவு வாசல்ல நுழையாது. இன்னிக்குள்ள கல்லு உள்கூடத்துக்குப் போகலைன்னா ரெண்டா அறுத்துத் தூக்கச் சொல்லி டைரக்டர் ஆர்டர்.

— எங்க அறுப்பீங்க?

— அதுல ஒரு பொம்பளை உருவம் செதுக்கியிருக்கில்ல, அவ இடுப்புல. அங்கதான் பிளேடு வாட்டமா இறங்கும்.

— கேட்டியா அண்ணா? ரெண்டாயிரம் வருஷமா முழுசா இருந்தவ. இப்ப நகந்து நில்லு. மணல்ல தண்ணி ஊத்தணும்.

— எதுக்குத் தண்ணி? கல்லுக்குத் தாகமா?

— காஞ்ச மணல், கல்லை ஏத்தியிருக்கற சறுக்குக் கட்டைக்கு முன்னால குவிஞ்சு மறிக்கும். ஈரமா இருந்தா குவியாது, வழுக்கும். உனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்.

— ஓஹோ. பார்த்துக்கோங்க நண்பர்களே, கட்டை வந்தாச்சு, கயிறு வந்தாச்சு, குடமும் வந்தாச்சு. கல்லுதான் வரமாட்டேங்குது.

— எல்லாரும் கயிற்றைப் பிடிங்க. இழுங்க!

— இழுக்கறாங்களாம். அந்தக் கடைசி ஆளைப் பாருங்க, கயிறு அவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. முன்னால இருக்கறவர் இழுத்து முடிச்சப்புறம் பின்னால இருக்கறவர் ஆரம்பிக்கறார். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி.

— வாயை மூடறியா?

— ஏன் மூடணும்? இந்த ஸ்பீக்கரை எதுக்குக் கொண்டாந்தேன்? ஏய் கடோத்கஜன்களா! சோறு தின்னீங்களா — இழு! தூங்கவா வந்தீங்க — இழு! வெக்கமா இல்லையா — இழு! ஊரே பாக்குது — இழு!

— மேடம்.

— என்ன?

— கட்டை முனகுச்சு.

— சோம்பேறிங்களா — இழு! சொகுசுக்காரங்களா — இழு! இவ்வளவுதானா — இழு! அட... அது என்ன, நகர்ந்துச்சா?

— ஒரு முழம் வந்திருக்கு சார். நான் ஒண்ணும் சொல்லலை, காலையில தரையில கிழிச்ச கோட்டைப் பாருங்க.

— ஏண்டா நிறுத்தின? கத்து!

— என்ன, டான்னு கூப்பிடறே?

— கத்து அண்ணா! திட்டு! அதே மாதிரி, ஒரே சீரா திட்டு!

— எனக்குப் புரியலை.

— எனக்கு இப்பதான் புரிஞ்சுது. ஒரு பழைய கல்லறைச் சுவத்துல படம் இருக்கு. பெரிய சிலையைக் கட்டையில ஏத்தி இழுக்கறாங்க. கயிறு எப்படிக் கட்டினாங்கன்னு பார்த்தேன், தண்ணி எங்க ஊத்தறாங்கன்னு பார்த்தேன். சிலை முழங்கால் மேல ஒருத்தன் சும்மா நின்னு கை தட்டறான். அவனை ஏதோ மேஸ்திரின்னு நினைச்சு விட்டுட்டேன். அவன்தான் தாளம். அவன் இல்லைன்னா அறுபது பேரும் அறுபது நேரத்துல இழுப்பாங்க.

— அப்ப நான்தான் அவனா?

— ஆமா. எந்த வேலையும் செய்யாம மேல நின்னு சத்தம் போடறவன். உனக்குப் பொருத்தமா வேற என்ன கிடைக்கும்?

— லைவ் ஓடிக்கிட்டிருக்கு. இவ்வளவு பெரிய கல்லையெல்லாம் மனுஷனால நகர்த்தவே முடியாதுன்னு நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். நானே நின்னு நகர்த்திக் காட்டினா என் பொழைப்பு என்ன ஆகறது?

— பொழைப்பா? சரி, கத்தாதே. அண்ணே, மெஷினை இறக்குங்க. இவர் பொழைப்புக்காக அவ இடுப்புல பிளேடு வைங்க.

— இறக்கட்டுமா சார்? எனக்கென்ன.

— இருங்க, இருங்க. என்ன இது... பார்க்கறவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. காலையில இருந்ததைவிட மூணு மடங்கு.

— எதையோ பார்த்துட்டுப் போகட்டும். ஏறி நில்லு.

— கல்லு மேலயா? விழுந்தா?

— கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. ஏறு.

— நண்பர்களே, ஏறிட்டேன்! ஏய் எருமைங்களா — இழு! எழவெடுத்தவங்களா — இழு! வாசப்படி தெரியுது — இழு! இவ கல்யாணத்துலகூட நான் இப்படிக் கத்தலை — இழு!

— தண்ணி, தண்ணி! கட்டைக்கு முன்னால ஊத்துங்க. அப்படித்தான். நிறுத்தாதே அண்ணா.

— தொண்டை போச்சு — இழு!

— போகட்டும்!

— உள்ள வந்திருச்சு மேடம். முழுசா. நான் மெஷினைத் திருப்பி அனுப்பறேன். எனக்கென்ன, வண்டி வாடகை மட்டும் நஷ்டம்.

— வணக்கம் மேடம். நேத்து மெஷினை அனுப்பறப்போ விட்டுட்டுப் போன கடப்பாறையை எடுக்க வந்தேன். உங்க அண்ணன் ராத்திரி போட்ட வீடியோவைப் பார்த்தீங்களா?

— தூங்கிட்டேன். என்னவாம், மன்னிப்புக் கேட்டிருக்கானா?

— அப்படிச் சொல்ல முடியாது. அறுபது பேர் காலையிலேர்ந்து இழுத்தும் அசையாத கல்லு, அவர் குரல் கேட்டதும் அசைஞ்சுதுன்னு காட்டறார். அதுவரைக்கும் உண்மைதான். பறக்கும் தட்டுன்னு சொன்னது தப்பாம், அதையும் ஒத்துக்கிட்டார்.

— பரவாயில்லையே. அப்புறம்?

— அந்தக் காலத்துல ஒலியாலதான் கல்லைத் தூக்கினாங்களாம். நேத்து நடந்தது அதுக்கு நிரூபணமாம். ஆராய்ச்சி அதிகாரியே மேற்பார்வை பார்த்தாங்கன்னு உங்க மூஞ்சியையும் போட்டிருக்கார்.

— கயிறு? தண்ணி? அந்த அறுபது பேர்?

— கல்லு நகர்ற இடத்துல அதையெல்லாம் வெட்டிட்டார். வாசல்ல ஒரு கூட்டம் நிக்குது மேடம். இன்னும் ஏதாவது கல்லு இருக்கான்னு கேக்கறாங்க. கயிறு வேண்டாமாம், சத்தம் போட்டே நகர்த்திடுவாங்களாம்.