சொல்லிக்காமல் போனவர்கள்

அம்சவல்லி: ...அந்தத் தலையணையை எடுத்துடுங்க அண்ணி. ரெண்டு காலுக்கும் நடுவுல அதை வெச்சுக்கிட்டு ஒருக்களிச்சுப் படுக்கக்கூட முடியலை.

நாகம்மாள்: இருக்கட்டும். தூக்கத்துல கால் மேல கால் போட்டுடுவே. புதுசா வெச்ச மூட்டு நழுவிடும்னு டாக்டரு அவ்வளவு சொல்லி அனுப்பியிருக்காரு.

அம்சவல்லி: நான் என்ன மகாராணியா, கால் மேல கால் போட?

நாகம்மாள்: இடுப்புக்குப் பண்ண ஆப்பரேஷனை அந்த வாய்க்கும் சேத்துப் பண்ணியிருக்கலாம்.

அம்சவல்லி: சிரிக்க வெக்காதீங்க... தையல் போட்ட எடம் இழுக்குது.

நாகம்மாள்: சரி, எழுந்திரி. வாக்கரைப் பிடி. ஆப்பரேஷன் பண்ண காலை முதல்ல வையி... ஆங், அப்படித்தான். நடக்கப் பழக்குற பொண்ணு செம்மொழி வந்து கேட்டா நான்தானே பதில் சொல்லணும்.

அம்சவல்லி: வாசப்படி வரைக்கும் போவோம்.

நாகம்மாள்: கூடத்துல நடந்தா போதும் இன்னைக்கு.

அம்சவல்லி: படி ஏறத் தெரிஞ்சாத்தானே கீழ்வேளூர் போகலாம்? அண்ணன் வீட்டுப் படி ஒவ்வொண்ணும் முழங்கால் உசரத்துக்கு இருக்குமே.

நாகம்மாள்: முதல்ல இந்தக் கூடத்தைத் தாண்டு.

அம்சவல்லி: எனக்கு வேற எங்கயும் போக வேணாம் அண்ணி. கோயில், குளம், கல்யாணம்... ஒண்ணும் வேணாம். ஒரு தடவை அங்க போயிட்டு வந்துடணும். அதுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்தக் காலை ஊனுறேன்.

நாகம்மாள்: போகலாம்.

அம்சவல்லி: எப்ப?

நாகம்மாள்: டாக்டரு சொல்லட்டும். கார்ல அவ்வளவு நேரம் மடங்கி உக்காரக் கூடாதாமே.

அம்சவல்லி: நான் போக முடியலை, சரி. அண்ணன் வரலாம்ல? தஞ்சாவூர்ல சேத்த அன்னைக்கு வந்து தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போச்சு. நான் கண்ணு முழிச்சதுலேருந்து ஆளையே காணோம்.

நாகம்மாள்: அதான் சொன்னேனே. ஆத்துல தண்ணி வந்திருக்கு, முறை வெச்சு விடுறாங்க. மடையை விட்டு உன் அண்ணன் அந்தப் பக்கம் நகந்தா, பக்கத்து வயக்காரன் தண்ணியைத் திருப்பிக்குவான்.

அம்சவல்லி: போனு?

நாகம்மாள்: வாய்க்கால்ல விழுந்துடுச்சு.

அம்சவல்லி: ஆமா... சொன்னீங்க.

நாகம்மாள்: கீழ பாத்து வையி காலை.

அம்சவல்லி: உங்களைத்தான் பாக்குறேன். ரொம்ப இளைச்சுட்டீங்க அண்ணி.

நாகம்மாள்: உன்னைத் தூக்கி நிறுத்தி நிறுத்தியே இளைச்சேன். உள்ள இரும்பு வேற வெச்சு அனுப்பியிருக்காங்க, கனம் கூடிப்போச்சு.

அம்சவல்லி: கொல்லையில குழாயைத் திறந்து விட்டுட்டு அவ்வளவு நேரம் என்ன பண்றீங்க?

நாகம்மாள்: துணி அலசுறேன்.

அம்சவல்லி: கொடியில துணியே இல்லையே...

நாகம்மாள்: யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு.

மலர்க்கொடி: அம்சாக்கா... உள்ள வரலாமா?

அம்சவல்லி: வா மலரு! அடுத்த தெருவுல இருந்துக்கிட்டு இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?

மலர்க்கொடி: ஊருக்குப் போயிருந்தேங்க்கா. ஆரஞ்சு வாங்கியாந்தேன்... பரவாயில்லையே, நடக்குறீங்க! அட... நாகம்மா அக்கா... நீங்களா? நீங்க எப்படிக்கா... இந்த...

நாகம்மாள்: மலரு, அந்த உசர நாற்காலியை இப்படி இழுத்துப் போடு.

மலர்க்கொடி: இல்லக்கா, நான் என்ன கேக்குறேன்னா...

நாகம்மாள்: இழுத்துப் போடுன்னு சொன்னேன்ல!

அம்சவல்லி: என்ன மலரு, எங்க அண்ணியைப் பாத்து இப்படி முழிக்கிற?

மலர்க்கொடி: ஒண்ணுமில்லக்கா... பாத்து ரொம்ப நாளாச்சு, அதான்.

அம்சவல்லி: இரு, காப்பி குடிச்சுட்டுப் போ.

மலர்க்கொடி: வேணாங்க்கா, ஒண்ணும் வேணாம். உடம்பைப் பாத்துக்குங்க. மனசைத் தளர விட்டுடாதீங்க.

அம்சவல்லி: மனசையா? ஆப்பரேஷன் இடுப்புக்குத்தானேடி?

மலர்க்கொடி: ஆமாமா... இடுப்புக்குத்தான்...

நாகம்மாள்: மலரு, அடுப்புல பால் வெச்சேன். பொங்குதான்னு பாரு, நானும் வர்றேன்.

அம்சவல்லி: ...அண்ணி... அண்ணி! என்ன, சத்தத்தையே காணோம்? மலரு எங்க?

நாகம்மாள்: போயிட்டா. ஏதோ வேலையாம்.

அம்சவல்லி: சொல்லிக்கவே இல்லையே.

நாகம்மாள்: மறந்திருப்பா.

அம்சவல்லி: என்னைக் கட்டில்ல உக்கார வைங்க... மெதுவா... ம். நீங்களும் உக்காருங்க, பக்கத்துல.

நாகம்மாள்: என்னம்மா, வலிக்குதா?

அம்சவல்லி: சின்ன மாமனார் வந்தாரு. பேசிக்கிட்டே இருந்தவரு துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு, எழுந்து போயிட்டாரு. பேராவூரணியிலேருந்து ரெங்கம்மாள் சித்தி வந்துச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டு, விருட்டுனு போயிடுச்சு. இப்ப மலரு. உடம்பு விசாரிக்க வந்தவங்க ஒருத்தர் வாயிலேருந்தும் 'போயிட்டு வர்றேன்'னு வரலை.

நாகம்மாள்: அம்சா...

அம்சவல்லி: எந்த வீட்டுலேருந்து அண்ணி சொல்லிக்காம எழுந்து போவாங்க?

நாகம்மாள்: இரு, அடுப்புல பாலை இறக்கிட்டு வந்துடுறேன்.

அம்சவல்லி: எனக்குத் தெரியக் கூடாதுன்னு எல்லார் வாயையும் கட்டி வெச்சீங்க. அவங்களும் கட்டுப்பட்டாங்க. கிளம்புறப்பதான் பழக்கம் விடலை. துக்க வீட்டுலேருந்து போற மாதிரியே போனாங்க.

நாகம்மாள்: ஐயோ... எப்பலேருந்து தெரியும் உனக்கு?

அம்சவல்லி: நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடியே. அரவிந்தனைக் கேட்டேன். பெத்தவ முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல அவனுக்கு வரலை. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதான். எனக்குத் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாதே, போன்னுட்டேன்.

நாகம்மாள்: உன்னை ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டு போன நேரம் அம்சா... மடை திறக்கப் போன மனுசன் வரப்புலயே சாஞ்சுட்டாரு. உனக்கு உடம்பு தாங்காதுன்னாங்க. கூடப் பொறந்தவளுக்கு முகத்தைக்கூடக் காட்டாம எடுத்துட்டோமே... நான் பாவி...

அம்சவல்லி: அழுங்க. இங்கயே அழுங்க அண்ணி. நானும் எத்தனை நாளைக்குத்தான் வலியில அழுற மாதிரியே அழுறது?

நாகம்மாள்: தெரிஞ்சுக்கிட்டுமா அண்ணன் வரலையா, அண்ணன் வரலையான்னு கேட்டே? ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைச்சேனே நான். ஏன்டி கேட்டே?

அம்சவல்லி: கேக்குறதை நிறுத்தினா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைச்சுடுவீங்க. காரியத்தன்னைக்கு அழிச்ச குங்குமத்தை எனக்காகத்தானே திரும்ப வெச்சுக்கிட்டு வந்தீங்க... அதை உங்களை ரெண்டாந்தடவை அழிக்க வெக்க எனக்கு மனசு வரலை அண்ணி.